மேனேஜர் சுருதி

போன மாதம் வானகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தது. பாடகிக்குத் தொண்டை கட்டியிருந்தது. கீபோர்டுக்காரர் ஏதோ ஒரு பொத்தானை இரண்டு தடவை அழுத்தினார். பாட்டு அப்படியே இரண்டு படி கீழே இறங்கிவிட்டது. அவர் விரல்கள் மட்டும் பழைய கட்டைகள் மேலேயே ஓடிக்கொண்டிருந்தன. பந்தியில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நானும் ஒரு காலத்தில் பேண்டில் வாசித்தவன் என்றேன். "இந்தப் பட்டன் இல்லாத காலத்துல இன்னா சார் பண்ணீங்க?" என்று கேட்டார்கள். அதற்குள் ரசம் வந்துவிட்டது. பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் டபுள் பேஸ் வாசித்தவன். வயலினுக்கு ஆளைவிட உயரமாக ஒரு பெரியப்பா இருந்தால் அதுதான் டபுள் பேஸ். நின்றபடி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விரலால் தந்தியைச் சுண்ட வேண்டும். அறுபதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஆபீசர்கள் கிளப்பில் சனிக்கிழமைதோறும் நாங்கள் நாலு பேர் வாசித்தோம். எல்லாம் அமெரிக்கப் பாட்டு. அந்த ஊர் நாடகங்களுக்கும் சினிமாக்களுக்கும் எழுதப்பட்டு, அப்புறம் கப்பல், ஓட்டல், ரேடியோ என்று உலகம் சுற்றிய பாட்டுகள். முதலில் ஒரு மெட்டு இரண்டு தடவை வரும், நடுவில் வேறு தெருவுக்குப் போகும், கடைசியில் பழைய மெட்டுக்கே வீடு திரும்பும். இங்கிலீஷ் பெயர்கள் எங்கள் வாயில் நிற்கவில்லை. நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். நிலாப் பாட்டு, மழைப் பாட்டு, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் மாமியார் பாட்டு.

எங்களுக்கு மாஸ்டர் கிளாட்வின். ஆங்கிலோ இந்தியர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்று அண்ணனூரில் குடியிருந்தார். பியானோ வாசிப்பார். பாட்டைத் தொடங்குவதுகூட ரயிலை அனுப்புகிற மாதிரிதான். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், இடது பக்கம் பார்ப்பார், வலது பக்கம் பார்ப்பார், எல்லாரும் ஏறியாயிற்று என்று தெரிந்த பிறகு தலையை ஒரு தரம் அசைப்பார். அதற்கு முன்னால் யாராவது தந்தியைத் தொட்டால் தொட்டவருக்கு அன்று டீ கிடையாது.

நான் பேஸ்காரன் ஆனதற்குக் காரணம் என் உயரம். பூந்தமல்லி மிஷன் பள்ளியில் கொஞ்சம் வயலின் படித்திருந்தேன். பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஹெல்ப்பராக இருந்தேன். மாஸ்டரிடம் இருந்த பழைய பேஸ்காரர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியபோது பேஸை ஏற்ற இடமில்லை என்று விட்டுவிட்டுப் போய்விட்டார். மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யூ ஆர் டால், மேன். நீ புடி," என்றார். என் நேர்முகத் தேர்வு அவ்வளவுதான். அடுத்த இரண்டு வருஷம் விரல் நுனியெல்லாம் கொப்புளம். பிறகு கொப்புளம் காய்த்துப் போனது, கிளப் கொடுத்த சம்பளத்தை நம்பி நானும் தொழிற்சாலை வேலையை விட்டேன். என் மனைவி தேவகி மட்டும், "எந்த ஊருக்காரனோ அழுவுற பாட்ட நம்பி நாம சோறு துன்னணுமா?" என்று ஒரு தடவை கேட்டாள். நியாயமான கேள்விதான்.

பேஸைக் கிளப்பில் வைத்தால் எலி கடித்துவிடும். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அது பாடியிலிருந்து என்னோடு வரும். பஸ் கண்டக்டர்கள் ஏற்ற மாட்டார்கள். வெள்ளை வேட்டியில் சுற்றிக் கைவண்டியில் படுக்கவைத்து, பின்னால் நான் நடப்பேன். வழியில் சாக்ஸபோன் மோசஸும் டிரம் காதர் பாயும் சேர்ந்துகொள்வார்கள். கருப்புக் கோட்டுப் போட்ட மூன்று பேர் வெள்ளைத்துணி சுற்றிய நீளமான ஒன்றின் பின்னால் தலைகுனிந்து நடந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? சைக்கிளில் போனவர்கள் இறங்கி நிற்பார்கள். லாரிக்காரர்கள் வழிவிடுவார்கள். ஒரு நாள் டீக்கடையில் ஒருவர் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "யாருபா, பெரியவரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

காதர் பாய் பூந்தமல்லிக்காரர். பகலில் அவருக்குத் தகரப் பெட்டி செய்கிற வேலை. பேச்சில் யாருக்கும் அவர் குறை வைத்ததில்லை.

"ஆமா அண்ணாத்தே," என்றார். "ரொம்ப வயசானவரு. சொந்த ஊரு ஜெர்மனி."

கேட்டவர் அதற்கும் தலையை ஆட்டினார்.

இப்போது பொத்தான் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பொத்தான் மாஸ்டரின் விரல்தான். பாடுகிறவர் எந்த சுருதியில் தொடங்குவார் என்று முன்கூட்டித் தெரியாது. மாஸ்டர் ஒரு கையால் பியானோவைத் தட்டிக்கொண்டே இன்னொரு கையைப் பக்கவாட்டில் நீட்டுவார். விரல்கள் மேலே பார்த்தால் ஷார்ப், ஏற்றிய ஸ்வரங்கள் உள்ள சுருதி; கீழே பார்த்தால் ஃபிளாட், இறக்கிய ஸ்வரங்கள் உள்ள சுருதி. எத்தனை விரலோ அதற்கேற்ற சுருதி. வாயைத் திறக்காமலே பேண்டு முழுவதும் மாறிவிடும். ஆடுகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு சனிக்கிழமை நிலாப் பாட்டின் நடுவில் மாஸ்டர் மூன்று விரலை மேலே நீட்டினார். நானும் மோசஸும் சட்டென்று மூன்று ஷார்ப்புக்குத் தாவினோம். மாஸ்டர் தாவவில்லை. தூரத்தில் தட்டோடு நின்ற பேரரிடம் மூன்று சோடா கேட்டிருக்கிறார். அதற்கப்புறம் அவர் சோடாவை வாயால்தான் கேட்டார்.

அவருடைய இன்னொரு சட்டம், பாடுகிறவர் சொல்வதுதான் பாட்டு. "சிங்கர் ராங்காப் போனா ராங்குதான் ரைட்டு, மேன். நாம பின்னால போகணும்." கம்பெனி ஆபீசர்களில் பலருக்கு வீட்டில் பாட முடியாத ஆசையெல்லாம் கிளப்பில் வரும். யார் வந்து பாடட்டுமா என்று கேட்டாலும் மாஸ்டர் சொல்வது ஒன்றுதான்: "வெரி குட், சார்."

அப்படித்தான் ஒரு நாள் ஜெனரல் மேனேஜரே வந்தார்.

சபேசன் சார் கண்டிப்பானவர். ஷாப் ஃப்ளோரில் அவர் நடந்தால் மெஷின்கூட சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பார்கள். கிளப்புக்கு வந்தால் ஓரமாக உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டுப் போய்விடுவார். அவர் வந்து பியானோ பக்கத்தில் நின்றபோது, எங்களை நிறுத்தப் போகிறார் என்றே நினைத்தேன். பேண்டை எடுத்துவிட்டு, ரேடியோவும் ரெக்கார்டும் ஒன்றாகப் பாடும் பெரிய ரேடியோகிராம் ஒன்று வாங்கிவைக்கலாம் என்று கிளப் செயலாளர் கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முடிவு மேனேஜர் கையில் இருந்தது.

"அமெரிக்காவிலேர்ந்து நம்ம கூட்டுக் கம்பெனி இன்ஜினியர் ஒருத்தர் சம்சாரத்தோட வரார்," என்றார். "டின்னர் அன்னிக்கு அவா ஊர்ப் பாட்டு ஒண்ணு பாடலாம்னு இருக்கேன். ஒரே ஒரு பாட்டு. அது ஒண்ணுதான் தெரியும், ஆனா நன்னாத் தெரியும்."

"வெரி குட், சார்," என்றார் மாஸ்டர்.

அவர் பாட நினைத்தது பிரிந்துபோன காதலை நினைத்து ஏங்குகிற ஒரு பாட்டு. நாங்கள் அதற்கு ரயிலடிப் பாட்டு என்று பெயர் வைத்திருந்தோம். எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாஸ்டர் கடிகாரம் பார்த்தார், இரு பக்கமும் பார்த்தார், தலையை அசைத்தார்.

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

குரல் மோசமில்லை. கம்பீரமான, நிறுத்தி நிதானமான குரல். ஆனால் அவர் நின்ற இடம் பியானோவில் இல்லை. மாஸ்டர் ஒரு விரல் கீழே காட்டினார். பொருந்தவில்லை. ஐந்து விரல் மேலே காட்டினார். அதிலும் இல்லை. ஒரு வெள்ளைக் கட்டைக்கும் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கும் நடுவில் இருக்கிற பிளவில் மேனேஜர் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். வேகமோ, நாங்கள் வாசிக்கிறதில் முக்கால்வாசி. அதுவும் போகப் போகத் தேய்ந்தது. சுருதியும் அதோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, பஞ்சரான டயர் மாதிரி. காட்ட விரல் இல்லாமல் மாஸ்டர் கடைசியில் உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். நடுவில் எங்கேயோ, தேடிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

பாட்டு முடிந்தது. மேனேஜர் கண்ணைத் திறந்தார்.

"உங்க பேண்டு கொஞ்சம் ஓடறது," என்றார். "ரெக்கார்டைக் கேட்டாப் புரியும். நாளைக்குச் சாயங்காலம் ஆத்துக்கு வாங்கோ."

போனோம். அம்பத்தூரிலேயே புதிதாக வந்த காலனியில் வீடு. மேனேஜர் சம்சாரம் ராஜி மாமி காபி கொடுத்தார். மேனேஜர் ரெக்கார்டை எடுத்துக் காட்டினார். மூர் மார்க்கெட்டில் வாங்கியது. நடுவில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு கிழிந்துபோயிருந்தது. உறையில் தொப்பி வைத்த ஒரு ஆண்பிள்ளையின் படம். "என்ன குரல் பாருங்கோ. ஆம்பிளைன்னா இப்படிப் பாடணும்," என்று சொல்லி மின்சார கிராமபோனில் வைத்தார்.

பாட்டு வந்தது. ரொம்பத் தாழ்ந்த குரல். நடுத் தெருவுக்குப் போகிற இடத்தில் பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர் மோட்டார் போட்டார்கள். கூடத்து பல்பு பழுத்த தக்காளியாகச் சிவந்தது. கிராமபோன் தட்டு சோர்ந்தது. பாட்டுக்காரர் கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இறங்கினார். மேனேஜர் அந்த இடத்தில்தான் கண்ணை மூடி, "இந்த இடம்," என்று மெய்மறந்து சொன்னார்.

மோசஸ் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். நான் காதர் பாய் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் சிரித்திருப்பேன்.

விஷயம் புரிந்துவிட்டது. மேனேஜர் பகலெல்லாம் தொழிற்சாலையில். ரெக்கார்டு கேட்பது சாயங்காலம் மட்டும். காலனி முழுவதும் விளக்குப் போட்டு மோட்டார் போடுகிற நேரம். அம்பத்தூர் கரண்ட் சொல்லிக்கொடுத்த பாட்டைத்தான் அவர் நெட்டுருப் போட்டிருந்தார்.

வெளியே வந்ததும் காதர் பாய் நின்றுவிட்டார். "மாஸ்டர், சொல்லிடலாம். வோல்டேஜு கம்மியாக் கீது சார், பாட்டு அப்பிடி இல்ல சார்னு நானே சொல்லிட்டு வரேன். வெள்ளைக்காரன் முன்னால சிரிப்பா சிரிச்சிட்டாங்கன்னா ஒடனே ரேடியோகிராம் வந்துடும். நம்ம பொயப்பு போச்சு."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தேவகி அப்போது முழுகாமல் இருந்தாள்.

மாஸ்டர் நடையை நிறுத்தவில்லை. "அந்த மனுசனுக்கு எத்தனை பாட்டுத் தெரியும், மேன்?" என்று கேட்டார்.

"இது ஒண்ணுதான்னாரே," என்றேன்.

"ஒண்ணுதான் வச்சிருக்கார். அதையும் புடுங்கிட்டு வரச் சொல்றியா?" என்றார். "பிராக்டிஸ் பண்ணுவோம்."

அவ்வளவு கடினமான பயிற்சி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பியானோ கட்டைகளை நகர்த்த முடியாது. அதனால் மாஸ்டர் வாசிப்பது போலக் கைகளைக் கட்டைகள்மேல் மிதக்கவிடுவார். ஒன்றையும் அழுத்த மாட்டார். பேஸில் விரலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், ஆகவே பாரம் முழுவதும் என் தலையில். மேனேஜர் வாயிலிருந்து முதல் ஒலி வரும்வரை தொடக் கூடாது. வந்த பிறகு அதைக் காதில் பிடித்து, மயிரிழை பின்னால் அதே இடத்தில் தந்தியைச் சுண்ட வேண்டும். அவர் இறங்கினால் விரலை வழுக்கிக்கொண்டு கூடவே இறங்க வேண்டும். மோசஸ் உதட்டைத் தளர்த்திச் சாக்ஸபோன் ஒலியை இறக்கினான். மேனேஜர் எப்போது அடுத்த அடியைத் தொடங்குவார் என்பது கடவுளுக்கும் காதர் பாய்க்கும் மட்டும் தெரியும். மேனேஜர் தொண்டையில் துருத்திக்கொண்டிருந்த எலும்பைக் காதர் பாய் கண்கொட்டாமல் பார்ப்பார். அது மேலே ஏறினால் பாட்டு வரப் போகிறது. "மைனா கெளம்பிடுச்சி," என்று முணுமுணுப்பார். நாங்கள் தயாராவோம்.

டின்னர் நாள் வந்தது. அமெரிக்கர் பருத்த உடம்பும் சிரித்த முகமுமாக இருந்தார். அவர் மனைவி ராஜி மாமி கொடுத்த மல்லிகைப்பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் சுற்றியிருந்தார். பேச்சுகள் முடிந்தன. மேனேஜர் மேடைக்கு வந்து கண்ணை மூடினார். மைனா கிளம்பியது.

முதல் மெட்டு பிசகில்லாமல் போனது. ஆபீசர்கள் கையைக் கட்டிக்கொண்டு, பிரேயரில் நிற்கிற மாதிரி கேட்டார்கள். பாதிக் கிணறு தாண்டிவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அமெரிக்கருக்கு இது எந்தப் பாட்டு என்று புரிந்தது. முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, மேனேஜருக்குத் துணையாக அவரும் பாட ஆரம்பித்தார். நல்ல குரல். சரியான சுருதி. சரியான வேகம்.

மாஸ்டர் முகத்தில் ரத்தம் வற்றியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பாடுகிறவர் சொல்வதுதான் பாட்டு. இப்போது பாடுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் எஜமான், இன்னொருவர் எஜமானின் விருந்தாளி.

இரண்டு வினாடி யோசித்திருப்பார். இடது உள்ளங்கையை விரித்து என்னைப் பார்த்து ஆட்டினார்: நீ மேனேஜரோடு போ. வலது கையில் ஒரு விரலைக் கீழே காட்டி மோசஸைப் பார்த்தார்: நீ அமெரிக்கரோடு போ. இரண்டு கையும் வேலையாகிவிட்டதால் பியானோ வாசிப்பதாக நடிக்கக்கூட ஆள் இல்லை.

"நா எந்தப் பக்கம்?" என்றார் காதர் பாய், உதடு அசையாமல்.

காதர் பாய் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கம்பித் தூரிகைகளை எடுத்தார். தாளம் என்று ஒன்று இல்லாமல், டிரம்மின் தோலை வாசல் பெருக்குகிற மாதிரி சும்மா பெருக்கிக்கொண்டே இருந்தார். அது இரண்டு பேருக்கும் பொருந்தியது.

அமெரிக்கர் வேகமாகப் போய்ப் பாட்டை முடித்துவிட்டார். கையை விரித்து நின்றவருக்கு, மேனேஜர் இன்னும் நடுத் தெருவில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. மேனேஜர் கண் திறக்கவில்லை. பக்கத்தில் ஒருவர் பாடி முடித்ததை அவர் கண்டுகொள்ளவே இல்லை. அமெரிக்கர் மெதுவாக உட்கார்ந்தார். மோசஸ் சாக்ஸபோனை மடியில் வைத்தான். கடைசி மெட்டு முழுவதும் மேனேஜரும் நானும்தான். மோட்டார் போட்ட இடத்தில் அவர் இறங்கினார், நானும் இறங்கினேன். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கடைசி ஒலி தரையைத் தொட்டது.

அப்புறம் கைதட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள். அமெரிக்காவில் இப்படித்தான் இரண்டு பேர் பாடுவார்கள் போலிருக்கிறது என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள்.

அமெரிக்கர் பியானோ அருகே வந்து, ஒரே சமயத்தில் இரண்டு பாட்டை எப்படி வாசித்தீர்கள் என்று மாஸ்டரிடம் கேட்டார்.

"வெரி குட், சார்," என்றார் மாஸ்டர்.

மேனேஜர் எங்களிடம் குனிந்து, "பாவம், அவருக்கு உற்சாகம் தாங்கலே. பாட்டு முழுசாத் தெரியாம ஓடிட்டார். நீங்க சமாளிச்சேள்," என்றார். அடுத்த வாரம் கிளப் செயலாளர் ரேடியோகிராம் பேச்சை எடுத்தபோது, "மெஷினுக்கு மனுஷாளோட அனுசரிச்சுப் போகத் தெரியாது," என்று மேனேஜர் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். தேவகியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

கதை அதோடு முடிந்திருந்தால் நிம்மதி. சில மாதம் கழித்து காலனி ஆட்கள் வீட்டுக்கு வீடு, வோல்டேஜை இறங்கவிடாமல் நிறுத்தும் ஸ்டெபிலைசர் வாங்கினார்கள்.

ஒரு சனிக்கிழமை நாங்கள் வாத்தியங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் ரெக்கார்டும் கையுமாக வந்தார். உட்காரவில்லை.

"இது பொம்மனாட்டி பாடினது," என்றார்.

மோசஸ் துடைக்கிற துணியைக் கீழே வைத்தான்.

"ஸ்டெபிலைசர் வச்சதுலேர்ந்து பொம்மனாட்டி பாடறா. உறைதான் மாறியிருக்கு. முதல்ல ராஜிதான் கண்டுபிடிச்சா. உங்க பாட்டை யாரோ ஒருத்தி பறிச்சுண்டு ஓடறா பாருங்கோன்னா." மாஸ்டரை நேராகப் பார்த்தார். "அன்னிக்கு அந்த அமெரிக்கர் சரியாத்தான் பாடியிருக்கார், இல்லையா?"

"எஸ், சார்."

"உங்களுக்கு அப்பவே தெரியும்."

"தெரியும், சார்."

"ஏன் சொல்லலே?"

மாஸ்டர் எழுந்து நின்றார். நாங்களும் நின்றோம். இத்தோடு தீர்ந்தது என்று காதர் பாய் தூரிகைகளைப் பையில் வைத்துவிட்டார்.

"நீங்க பாடுறப்ப நல்லா இருந்துச்சு, மேன்," என்றார் மாஸ்டர். அப்புறம்தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. "சார்."

மேனேஜர் ரெக்கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் தொண்டை எலும்பு மேலே போய்க் கீழே வந்தது. பாடப் போகிறார் என்று பழக்கத்தில் என் கை பேஸுக்குப் போனது. அவர் பாடவில்லை. "ஆத்துல அவளுக்கு இந்த வேகம் பிடிக்கலே," என்றார். "ஸ்டெபிலைசரைக் கழட்டச் சொல்றா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஷாப் ஃப்ளோரில் யாரும் பார்த்திருக்க முடியாத சிரிப்பு.

அடுத்த சனிக்கிழமை ராஜி மாமியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாமி அதுவரை சனிக்கிழமைகளில் கிளப்புக்கு வந்ததே இல்லை. பட்டுப்புடவை சரசரக்க ஓரத்தில் உட்கார்ந்து, ஆடுகிற ஜோடிகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். மாஸ்டர் உள்ளங்கையை விரித்து ஆட்டினார். நான் ரயிலடிப் பாட்டின் அந்த நடு இடத்தைத் தேடிப் பிடித்தேன். மேனேஜர் பாடவில்லை, மாமியின் பக்கத்தில் போய்க் கையை நீட்டினார். மாமி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எழுந்தார். ஆடினார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி நடந்தார்கள். மற்ற ஜோடிகள் விலகி இடம் கொடுத்தார்கள்.

இரண்டாவது சுற்றில் எங்கள் பக்கம் வந்தபோது மாமி நின்றார். முகம் சிவந்திருந்தது. கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காதபடி என்னிடம் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் மெதுவா வாசிக்க முடியுமோ?"

வாசித்தோம்.